என்ன எரிந்தது?



தெருவிலே ஒரு குடிசை தீப்பற்றிக்கொண்டால் முதலில் ஓடி வருகிறவன் அண்டை வீட்டுக்காரன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதே அவன் கேட்பது என்ன? "உள்ளே யார் இருக்கிறார்கள்? உள்ளே என்ன இருக்கிறது?" வைக்கோலா, விறகா, மண்ணெண்ணெய்ப் பீப்பாயா என்று தெரிந்தால்தான் தண்ணீரை வாரி இறைப்பதா, மண்ணை வாரிக் கொட்டுவதா, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எட்டிப் போவதா என்று தெரியும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கும் தெரிந்த கேள்வி இது. இந்தக் கேள்விக்கு விடை பெறுவதற்கு, அறிஞர்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் பஞ்சமில்லாத பிரெஞ்சு நாட்டிலே, ஒரு பெரிய பட்டணத்து மக்கள் 5 நாள் காத்திருந்தார்கள். அதுவும் கேட்டுக் கேட்டு, தெருவிலே இறங்கிக் கூவியபிறகு!

ஊரின் பெயர் ரூவான். புதுப் பெயராகத் தோன்றலாம். ஜோன் ஆப் ஆர்க் என்ற உழவன் மகளை 1431-ல் கம்பத்திலே கட்டி உயிரோடு கொளுத்தினார்களே, அந்த ஊர்தான். பாரிசிலிருந்து கடலை நோக்கிப் போகும் செய்ன் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கிறது. வலக்கரையிலே பழைய நகரம், மாதா கோயில், கடைத்தெரு. அதற்கு மேலே மேட்டிலே வசதி படைத்தோர் வாழும் புறநகர்கள். இடக்கரையிலே துறைமுகம், ஆலைகள், கிடங்குகள், உழைப்பாளர் குடியிருப்புகள். சுற்றுப்புறத்தையும் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ 5 லட்சம் மக்கள்.

அந்த இடக்கரையிலேதான் லூப்ரிசோல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆலை. மோட்டார் எண்ணெயோடு கலக்கும் இரசாயனச் சரக்குகளைச் செய்வது அதன் தொழில். உலகக் கோடீசுவரர்களிலே ஒருவரான வாரன் பபெட் என்பவரின் நிறுவனம் 2011-ல் இந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. பெரும் ஆபத்து விளையக்கூடிய ஆலைகள் என்று ஐரோப்பாவிலே ஒரு பட்டியல் உண்டு. "செவெசோ" பட்டியல் என்பார்கள். அதிலே மேல்தட்டு வகையிலே இடம்பெற்ற ஆலை அது. ஆபத்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஏட்டிலே எழுதியும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 26. வியாழக்கிழமை. இரவு 2 மணி 40 நிமிடம் இருக்கும். கிடங்குப் பக்கத்திலே தீ எழுந்தது. எண்ணெய்ச் சரக்கு அல்லவா? பீப்பாய்கள் வெடித்தன. எரிந்த எண்ணெய் ஆறாக ஓடி அடுத்த பீப்பாய்களைத் தொட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வந்து போராடினார்கள். இரவு வேலையிலிருந்த ஆலைத் தொழிலாளர்கள் ஓடிவிடவில்லை. தீ தொடாத பீப்பாய்களை அப்புறப்படுத்தி, நெருப்புக்கு இரை கிடைக்காமல் செய்ய முயன்றார்கள். உள்ளே எது எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! ஒருவர் உயிரும் போகவில்லை. அந்தப் பெருமை அந்த உழைப்பாளிகளுக்கும் வீரர்களுக்கும் உரியது. முற்பகலில் தீ கட்டுக்குள் வந்தது, பிற்பகலில் அணைந்தது.

தீ அணைந்தது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

கரும்புகை 22 கிலோமீட்டர் நீளத்துக்கு, 6 கிலோமீட்டர் அகலத்துக்கு வானை அடைத்துக்கொண்டது. காற்று வடகிழக்காக வீசியது. ஆற்றைத் தாண்டி, பழைய நகரத்தைத் தாண்டி, மேட்டிலே இருந்த வசதியான வீடுகளின் மேலும் கரி இறங்கியது. ஆலைப் புகை என்றால் அது இடக்கரைக்காரன் கவலை என்றிருந்தவர்கள் கூட அன்று சன்னல் கண்ணாடியிலே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டார்கள். மழையும் பெய்தது. கரியோடு கலந்த மழை தோட்டத்துக் கீரையிலே, பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சலிலே, மேய்ச்சல் புல்லிலே இறங்கியது.

இப்போது சங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் ஊதுவதற்கென்றே சங்கு வைத்திருக்கிறார்கள், நம் ஊர் மில் சங்கு மாதிரி. தீ எழுந்தது 2-40-க்கு. சங்கு ஊதியது எப்போது? காலை 8 மணியை நெருங்கும்போது! ஐந்து மணி நேரம் கழித்து!

ஏன் அப்படி என்று கேட்டார்கள். மாவட்டத் தலைவர், நம் ஊர்க் கலெக்டர் போன்ற பதவி, பியேர்-ஆந்திரே துராந்த் என்பவர், காரணம் சொன்னார். நள்ளிரவிலே சங்கை ஊதினால் மக்கள் பதறி எழுந்து தெருவிலே ஓடுவார்கள், கார்கள் சாலையை அடைத்துக்கொள்ளும், தீயணைப்பு வண்டி போக வழியிருக்காது, உறங்குகிறவன் வீட்டுக்குள்தானே இருக்கிறான், அதுவே பாதுகாப்பு என்பது அவர் வாதம். இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. கூட்டம் பதறி ஓடினால் என்ன ஆகும் என்பது மாநாட்டுப் பந்தலிலே தொண்டு செய்த தோழர்களுக்குத் தெரியும். ஆனால், எல்லோருமா 8 மணி வரை உறங்குகிறார்கள்? துறைமுகத் தொழிலாளி எத்தனை மணிக்குக் கிளம்புகிறான்? ரொட்டிக் கடைக்காரன்? ஆஸ்பத்திரியிலே தரை துடைக்கும் தாய்? முதல் பேருந்தை ஓட்டுகிறவன்? சங்கு ஊதி "வீட்டுக்குள்ளேயே இருங்கள், சன்னலைச் சாத்துங்கள்" என்று சொன்ன நேரத்திலே அவர்கள் வீட்டிலே இல்லை. புகைக்கு நடுவே போய் வேலையிலே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கிலே 8 மணிக்கு எழுகிறவன் மட்டுமே குடிமகன்!

இன்னொரு கூட்டமும் கணக்கிலே விடுபட்டது. ஆலைக்குக் கூப்பிடு தூரத்திலே நாடோடிக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. வண்டி வீடுகளிலே வாழ்கிறவர்கள். அவர்களை அப்புறப்படுத்த யாரும் வரவில்லை. "கதவைச் சாத்திக்கொண்டு உறுதியான கட்டடத்துக்குள் இருங்கள்" என்பது அரசினர் அறிவுரை. தகரமும் பலகையும் சேர்ந்த வண்டிக்கு ஏது உறுதியான கட்டடம்? அவர்கள் பிறகு வழக்குத் தொடுத்தார்கள்.

இனிச் செய்திக்கு வருவோம். எரிகிற ஊரிலே இருப்பவனுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, கர்ப்பிணி மனைவியை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் அவன் செய்தியைத்தான் நம்பி நிற்கிறான். அன்று காலை ரூவான்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். அவர்கள் ஊர் வானத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்துறை அமைச்சர் கஸ்தானேர் வந்தார். புகையிலே தனிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லை என்ற பொருளில் பேசினார்.

நண்பகல் நெருங்கியது. திடீரென்று திரையிலிருந்து ரூவான் மறைந்தது!

என்ன ஆயிற்று? 1995 முதல் 2007 வரை 12 ஆண்டுகள் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஜாக் சிராக் அன்று காலமானார். அவ்வளவுதான். எல்லா நிலையங்களும் அவர் வாழ்க்கையைக் காட்டத் தொடங்கின. சிறு வயதுப் படம், தேர்தல் படம், வெளிநாட்டுத் தலைவர்களோடு கைகுலுக்கிய படம். மறைந்த தலைவருக்கு மரியாதை செய்வதைக் குறை சொல்ல மாட்டேன்; நாமும் செய்கிறவர்கள்தான். ஆனால் சன்னலுக்கு வெளியே இன்னும் புகை இருக்கிறது! வீட்டுக்குள்ளே கந்தக வாடை! பெட்டியைத் திருகினால் இரங்கல் உரை! உள்ளூர் வானொலியும் 'பாரி நோர்மந்தி' என்ற உள்ளூர் நாளேடும் தங்கள் ஊரை விடாமல் எழுதின, பேசின. பாரிசிலிருந்து வந்த பெரிய வெளிச்சம் மட்டும் பாரிசுக்கே திரும்பிவிட்டது.

வெளிச்சம் போன இடத்திலே என்ன வரும்? வதந்தி வரும். குழாயிலே கறுப்புத் தண்ணீர் வருகிறது என்று ஒரு படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததே என்று அரசினர் மறுத்தார்கள். மறுப்பு சரியானதுதான். ஆனால் யார் நம்புவது? எது எரிந்தது என்பதைச் சொல்லாதவன், எது எரியவில்லை என்று சொன்னால் காதிலே ஏறுமா?

அரசினர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல்லை இங்கே நின்று கவனிக்க வேண்டும். "கடும் நச்சுத்தன்மை இல்லை" என்றார்கள். தொழிலாளி காதிலே அது எப்படி விழும்? "நஞ்சு இல்லை" என்று விழும். மருத்துவ ஏட்டிலே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. மூச்சை இழுத்த மாத்திரத்தில், அல்லது சில நாளில், ஆளைச் சாய்க்கும் நஞ்சு இல்லை என்பதுதான் பொருள். கல்நார் ஆலையிலே 20 ஆண்டு வேலை பார்த்தவன் நுரையீரலுக்கும் முதல் நாள் "கடும் நச்சு" கிடையாதே! அந்தச் சொல் பொய்யல்ல. பாதியை மட்டும் சொல்லும் உண்மை. கல்நார் என்றேனே, அதுவும் அங்கே இருந்தது. எரிந்த கிடங்குகளின் மேலே சுமார் 8,000 சதுர மீட்டர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் துண்டுகள் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலே விழுந்து கிடந்தன.

மறுநாள் நலத்துறை அமைச்சர் புய்சேன் வந்தார். கரியால் நகரம் மாசுபட்டிருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். கையுறை போட்டுக்கொண்டு துடையுங்கள் என்று அறிவுரை வந்தது. அத்தோடு இன்னொன்றும் வந்தது. புகை போன வழியிலே உள்ள ஊர்களிலே கறந்த பாலை விற்காதே, முட்டையை விற்காதே, தேனை விற்காதே, விளைந்த காய்கறியை அறுக்காதே! சில நாளில் இந்தத் தடை 5 மாவட்டங்களிலே 200-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. உழவர்கள் பாலைக் கறந்து கொட்டினார்கள். மாடு காத்திருக்குமா? கறந்துதானே ஆக வேண்டும்!

ரூவான் தாய் ஒருத்தியின் நிலையிலே நின்று பாருங்கள். புல்லிலே விழுந்த கரியை மாடு தின்று, அது பாலிலே இறங்கி, அந்தப் பாலைக் குடித்தால் கெடுதி வரலாம் என்று அரசு அஞ்சுகிறது. அதே கரி விழுந்த காற்றை அவள் பிள்ளை மூக்கு வழியே நேராக இழுக்கிறது; அதற்குக் கவலை வேண்டாம் என்று அதே அரசு சொல்கிறது. ஒரு முன்னெச்சரிக்கைதான் என்றார்கள். மாட்டுக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கை மனிதனுக்கு ஏன் இல்லை என்று அவள் கேட்டால், அவளைப் பீதி கிளப்புகிறவள் என்பதா?

அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. காற்றை அளந்தார்கள், கரியை அள்ளிச் சோதித்தார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் சோதனை என்பது வலை போன்றது. எந்த மீனுக்கு வலை போடுகிறோமோ அந்த மீன்தான் சிக்கும். என்ன எரிந்தது என்று தெரிந்தால்தானே எதைத் தேடுவது என்று தெரியும்? பட்டியல் கையிலே இருந்தால் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் உதவும், பால் சோதிக்கிறவனுக்கும் உதவும். தீக்கு நடுவே நின்ற வீரர்களுக்கும் உதவும். அவர்களிலே சிலருடைய இரத்தச் சோதனையிலே ஈரல் அளவுகள் மாறியிருந்ததாக அந்த அக்டோபரிலேயே செய்தி வந்தது.

செப்டம்பர் 30, திங்கட்கிழமை. சிராக்குக்குத் தேசிய துக்கநாள். அன்று மாலை, சடங்குகளெல்லாம் முடிந்தபிறகு, பிரதமர் எதுவார் பிலிப் ரூவானுக்கு வந்தார். வாடை தொல்லைதான், துன்பம்தான், ஆனால் தீங்கானதல்ல என்று சொன்னார். எல்லாவற்றையும் வெளியிடுவோம் என்றும் வாக்களித்தார். அன்று சில பள்ளிகளிலே ஆசிரியர்கள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். அந்த நாட்டிலே 1982 முதல் ஒரு சட்டம் உண்டு. உயிருக்கோ உடலுக்கோ கடுமையான ஆபத்து உடனடியாக இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்தால், உழைப்பவன் வேலையிலிருந்து விலகி நிற்கலாம். கூலியைப் பிடிக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது. அந்த உரிமையைத்தான் ஆசிரியர்கள் கையிலெடுத்தார்கள். வாடையடிக்கும் வகுப்பறைக்குள் பிள்ளைகளை உட்கார வைக்க மாட்டோம் என்றார்கள்.

மறுநாள் அக்டோபர் 1. மாலையிலே ஆயிரக்கணக்கானோர் ரூவான் தெருக்களிலே திரண்டு மாவட்ட ஆட்சி மாளிகையை நோக்கி நடந்தார்கள். தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். கூலி உயர்வு கேட்கவில்லை. ஆட்சி மாற்றம் கேட்கவில்லை. உண்மையைச் சொல் என்று கேட்டார்கள். அன்று மாலைதான் பட்டியல் வெளிவந்தது! லூப்ரிசோல் கிடங்கிலே எரிந்தது 5,253 டன் இரசாயனச் சரக்கு. அதுவும் எப்படி? ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு மட்டுமே விளங்கும் பெயர்களோடு, தாள் தாளாக. சில நாளிலே இன்னொரு செய்தி. தீ பக்கத்திலிருந்த வேறொரு கம்பெனியின் கிடங்குகளையும் தின்றிருந்தது. செவெசோ பட்டியலிலே இல்லாத சாதாரணக் கிடங்குகள். அங்கேயும் லூப்ரிசோல் சரக்கு இருந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் எரிந்தது ஏறத்தாழ 9,500 டன்! எந்த இடத்திலே தீ முதலில் பிடித்தது என்று இரு கம்பெனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின.

சற்று முன்பின் கணக்கையும் பார்த்துவிடுவோம். இதே ஆலையிலிருந்து 2013 சனவரியிலே நாற்றவாயு கசிந்து பாரிசு வரைக்கும், கடல் கடந்து இங்கிலாந்து வரைக்கும் போயிற்று. ரூவானிலே நடக்கவிருந்த பெரிய கால்பந்துப் போட்டியைக் கூடத் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் விதித்த அபராதம் 4,000 யூரோ. அன்றைய மதிப்பிலே நம் பணம் மூன்று லட்சத்துச் சொச்சம். உலகக் கோடீசுவரரின் கம்பெனிக்கு! 2019 தீக்குப் பிறகு, 2020 பிப்ரவரியிலே கம்பெனி குற்றவியல் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டது. உழவர்களுக்கு இழப்பீடு தரக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. கொட்டிய பாலை லிட்டர் கணக்கிலே அளக்க முடியும். ஆகவே அதற்கு விலை கிடைத்தது. இழுத்த மூச்சுக்கு அளவு ஏது?

பாராளுமன்ற மேலவை ஒரு குழுவை அமைத்து, 2020-ல் அறிக்கை கொடுத்தது. மக்களுக்கு எச்சரிக்கை கொடுத்த முறை பழையது, பற்றாதது என்ற குறை அதிலே பேசப்பட்டது. அதன்பின் 2022 சூன் முதல், ஆபத்து நேர்ந்தால் அந்த வட்டாரத்திலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்திலே செய்தி அனுப்பும் ஏற்பாடு வந்தது. நல்லது. வரவேற்கிறேன். ஆனால் கைப்பேசி கத்துவது இரண்டாவது வேலை. கத்தி என்ன சொல்லப் போகிறது?

'செவெசோ' என்ற அந்தப் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. இத்தாலியிலே அந்த ஊருக்கருகே 1976 சூலை 10 அன்று ஓர் ஆலையிலிருந்து டையாக்சின் என்ற கொடிய நஞ்சு மேகமாகக் கிளம்பியது. அது இன்ன நஞ்சு என்று சொல்லவே 10 நாள் அளவில் ஆயிற்று. மக்களை அப்புறப்படுத்தத் தொடங்கியது 16 நாள் கழித்து! அந்த மௌனத்தால் பிறந்த சட்டம்தான் செவெசோ சட்டம். 1984 டிசம்பரிலே போபாலிலே நம் மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டபிறகு, அந்தச் சட்டத்தை ஐரோப்பியர் இறுக்கினார்கள். போபால் ஆலை ஊரை அழிக்கும் என்று ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982-லேயே தன் சிறிய வார ஏட்டிலே எழுதினார். படித்தவர் சிலர். கேட்டவர் எவருமில்லை. 1987-ல் நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் திருத்தம் வந்தது: ஆலையிலுள்ள ஆபத்தைத் தொழிலாளிக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றிலும் வாழும் மக்களுக்கும் ஆலைக்காரன் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று. ஆபத்து உடனடியாக வருமென்று கண்டால் எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றும் எழுதினார்கள்.

எழுதினார்கள்! தோழரே, உங்கள் ஆலை வாயிலிலே அப்படி ஒரு பலகையைக் கண்டதுண்டா? உள்ளே எந்தச் சரக்கு, எத்தனை டன், தீப்பிடித்தால் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உங்கள் தெருவிலே ஒருவராவது வந்து சொன்னதுண்டா? சங்கக் கூட்டத்திலே போனசைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்திலே இந்தக் கேள்வியையும் ஒரு தீர்மானமாக வையுங்கள். கிடங்கிலே மூட்டை சுமக்கிறவனுக்கும் லாரியிலே ஏற்றுகிறவனுக்கும் சரக்கு என்னவென்று தெரிந்தால், அது ஊருக்குத் தெரிய 5 நாள் ஆகாது.

2023 சனவரி 16 மாலை. ரூவானுக்குத் தெற்கே, அதே செய்ன் ஆற்றங்கரையிலே, கிராண்ட் கூரோன் என்ற ஊரிலே மீண்டும் ஒரு கிடங்கு பற்றியெரிந்தது. மீண்டும் கரும்புகை. மீண்டும் சன்னல்கள் சாத்தப்பட்டன. உள்ளே இருந்தவை கார்களுக்கான லித்தியம் பாட்டரிகள், சுமார் 12,000. இந்த முறை அந்த எண் அன்றிரவே செய்தியிலே வந்துவிட்டது.